அதான் எடுத்தாச்சே!

“அதான் பித்தப்பையை எடுத்தாச்சேம்மா, இன்னும் என்ன வலி?”

இதை ஆறு மாதங்களில் அம்மாவிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. ஆறுதலாகத்தான் சொல்கிறேன் என்று நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், அதில் எரிச்சலும் இருந்திருக்கிறது.

அம்மாவுக்கு 68 வயது. தைப்பிங்கில் தனியாக இருக்கிறார். நான் வேலைக்காக ஷா ஆலாமில். கடந்த மார்ச் மாதம் பித்தப்பையில் கற்கள் இருப்பதாகச் சொல்லி, லேப்ராஸ்கோபி முறையில் பித்தப்பையை அகற்றினார்கள். வயிற்றில் நான்கு சின்னத் துளைகள், மறுநாளே வீடு. இரண்டு நாள் தோள்பட்டை வலித்தது. அறுவை சிகிச்சையின்போது வயிற்றுக்குள் செலுத்தும் கரியமில வாயுவால் அப்படி வரும், தானாகப் போய்விடும் என்றார்கள். போய்விட்டது. எல்லாம் முடிந்தது என்று நானும் வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

மே மாதம் அம்மா போனில் சொன்னார். “நெஞ்சுக்குழிக்குக் கீழ யாரோ கட்டை விரலை வச்சு அழுத்துற மாதிரி இருக்குமா.”

“வாயுவா இருக்கும்மா” என்றேன். பக்கத்து வீட்டு அக்கா பித்தத்துக்கு நல்லது என்று இஞ்சிச் சாற்றில் தேன் கலந்து கொடுத்தார். கிளினிக்கில் கேஸ்ட்ரிக் மாத்திரை கிடைத்தது. பிறகு அம்மா வலியைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். வலிதான் குறைந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு முதல் வாரம் பலகாரம் சுடப் போயிருந்தேன். முறுக்கு பிழிந்துகொண்டிருந்த அம்மா பாதியில் எழுந்துபோய்ப் படுத்துவிட்டார். இரவு குளிர்காய்ச்சல். இரண்டு போர்வை போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. விடிந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால், கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. சிறுநீர் மூன்று நாளாகவே கடுந்தேநீர் நிறத்தில் போகிறதாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா நீ நம்பணுமே” என்றார்.

மஞ்சள் காமாலை என்றதும் பக்கத்து வீட்டு அக்கா கீழாநெல்லி அரைத்துத் தருவதாக ஓடி வந்தார். அன்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் குழாய் அடைத்துக்கொண்டால் கீழாநெல்லியால் அதைத் திறக்க முடியாது. நல்லவேளை, நாங்கள் நேரே அவசரப் பிரிவுக்குப் போனோம்.

ரத்தப் பரிசோதனை, அல்ட்ராசவுண்ட், பிறகு எம்.ஆர்.சி.பி. ஸ்கேன். கல்லீரலிலிருந்து சிறுகுடலுக்குப் போகும் பித்தக் குழாயில் 8 மில்லிமீட்டர் கல் ஒன்று சிக்கியிருந்தது. அதன் பின்னால் பித்தம் தேங்கி, கிருமி தொற்றியிருந்தது. இன்னும் ஓரிரு நாள் தாமதித்திருந்தால் ரத்தத்திலும் கிருமி பரவியிருக்கலாம் என்றார் மருத்துவர்.

“வலி எப்ப வரும், எவ்வளவு நேரம் இருக்கும் பாட்டி?” என்று அவர் கேட்டதும், அம்மா என்னைப் பார்த்து, “அடுப்படி காலண்டரை எடுத்துட்டு வா” என்றார்.

மளிகைக்கடையில் கொடுத்த காலண்டர். மே முதல் அக்டோபர் வரை பத்தொன்பது பெருக்கல் குறிகள். பக்கத்தில் பொடி எழுத்தில் ‘கறி’, ‘இரவு 2 மணி’, ‘முதுகு வரை’. ஒவ்வொரு முறை ஊருக்குப் போனபோதும் அந்தக் குறிகளைப் பார்த்திருக்கிறேன். கேஸ் மாற்றிய கணக்கு என்று நினைத்தேன்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பித்தத்தைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை அதைச் சேர்த்துவைக்கும் பை மட்டுமே. பை போனாலும் பித்தம் ஓடிக்கொண்டிருக்கும், குழாயும் இருக்கும். அறுவை சிகிச்சைக்கு முன்போ, நடக்கும்போதோ ஒரு கல் குழாய்க்குள் நழுவியிருக்கலாம். சிலருக்குப் பிறகு புதிதாகவும் உருவாகும். பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றியது 1882-இல். கல்லை உண்டாக்கும் பையையே எடுத்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. பையைப் பொறுத்தவரை அது சரிதான்.

ஈ.ஆர்.சி.பி. முறையில் வாய்வழியாகக் குழாயைச் செலுத்தி, பித்தக் குழாயின் வாயைச் சற்றே வெட்டிக் கல்லை எடுத்தார்கள். கணையம் வீங்கும் ஆபத்து உண்டு என்று முன்பே சொல்லித்தான் கையொப்பம் வாங்கினார்கள். ஐந்தாம் நாள் அம்மா வீட்டில்.

இந்தப் பகுதியில் நான் மருத்துவம் எழுதுவதில்லை. ஆனாலும் இதை எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால், பித்தப்பையை எடுத்த பிறகும் வலி தொடர்வது அபூர்வமல்ல. பத்துப் பேரில் ஒருவருக்காவது அப்படி இருக்கும் என்கிறார்கள். எல்லாருக்கும் காரணம் கல் அல்ல. சிலருக்குத் தொடக்கத்திலிருந்தே வலி பித்தப்பையால் வந்திருக்காது. இரைப்பைப் புண், நெஞ்செரிச்சல், குடல் எரிச்சல் நோய் என்று வேறு காரணம் இருந்திருக்கும். சிலருக்குத் துளை போட்ட இடத்தில் குடலிறக்கம். சிலருக்குப் பித்தம் பெருங்குடல்வரை இறங்கி வயிற்றுப்போக்கு. அதற்குத் தனி மருந்து உண்டு.

பித்தக் குழாயின் வாயில் உள்ள தசை வளையம் இறுகுவதாலும் வலி வரலாம். கோடீன் கலந்த மாத்திரைகள் அதை இன்னும் இறுக்கலாம். அதற்காக எல்லாருக்கும் அந்த வளையத்தை வெட்டுவதும் தீர்வல்ல. பரிசோதனைகளில் மாற்றம் எதுவுமின்றி வலி மட்டும் இருப்பவர்களுக்கு, வெட்டியதால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை என்று 2014-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. அதனால்தான் வலியின் வரலாறு முக்கியம். எங்கே, எப்போது, என்ன சாப்பிட்ட பிறகு, எவ்வளவு நேரம், முதுகுக்கோ தோளுக்கோ போகிறதா என்று குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அறுவை சிகிச்சை அறிக்கையையும் கையில் வைத்திருங்கள்.

காய்ச்சலும் நடுக்கமும், கண் மஞ்சளாதல், சிறுநீர் கறுத்தல், மலம் வெளுத்தல், நிற்காத வாந்தி, தாங்க முடியாத வலி. இவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக்குக்கும் கீழாநெல்லிக்கும் அலையாமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மேல்வயிற்று வலியோடு வியர்வையும் மூச்சுத் திணறலும் இருந்தால் அது இதயமாகவும் இருக்கலாம்.

இப்போது ஞாயிறுதோறும் போனில் நான் முதலில் கேட்பது, “காலண்டர்ல எத்தனைம்மா?” என்பதுதான்.

போன வாரம் சொன்னார்: “ஒண்ணும் இல்ல. ஆனா முட்டி வலிக்குது. அதுக்கும் குறி போடவா?”

“போடுங்கம்மா” என்றேன்.