யாருய்யா அந்தப் பொதுமக்கள்?

பொதுக்கிணறு, பொதுப்பாதை, பொதுச்சுடுகாடு. 'பொது' என்று போட்ட எதற்குள்ளும் நம்மை லேசில் விட்டதில்லை. அதனால் டெல்லிக்காரன் 'பொதுமக்கள் கருத்து' கேட்கிறான் என்றால் எனக்கு முதலில் வருகிற கேள்வி: யாருய்யா அந்தப் பொதுமக்கள்?

2018 மார்ச்சில் புதிய தேசிய வனக்கொள்கையின் வரைவு வந்தது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இணையதளத்தில், இங்கிலீஷில். கருத்துச் சொல்ல ஒரு மாசம் கெடு. கெடு முடிந்த நாள் ஏப்ரல் 14. நாம் அம்பேத்கர் சிலைக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தோம்.

நான் திண்டுக்கல்லில் வங்கி குமாஸ்தா. சிறுமலை அடிவாரத்திலிருந்து வருகிற பொம்பளைகளுக்குப் பணமெடுக்கும் சீட்டை எழுதித் தருகிறேன், கைநாட்டு வைக்கிறார்கள். விறகுக்குப் போய் அரிவாளையும் கயிற்றையும் பறிகொடுத்தவர்கள். எங்கம்மாவும் பறிகொடுத்தவள்தான். எந்த விறகு புகையாது, எந்தப் பாறையிடுக்கில் கோடையிலும் தண்ணி நிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அதை மின்னஞ்சலில் அனுப்பு என்றால்?

1988 கொள்கை, காட்டிலும் காட்டை ஒட்டியும் வாழும் ஆதிவாசிகள், ஏழைகளின் விறகு, தீவனத் தேவைக்கே வனப்பொருளில் முதலிடம் என்று எழுத்தளவிலாவது சொன்னது. 2018 வரைவோ, சீரழிந்த காடுகளில் மரம் வளர்க்கத் தனியாரோடு கூட்டு என்றது. சீரழிந்த காடு எது? நம்ம ஆடு மேய்கிற, நம்ம பொம்பளைகள் சுள்ளி பொறுக்குகிற புதர்க்காடுதான்.

2006 வன உரிமைச் சட்டம் மட்டும் என்ன? பழங்குடி அல்லாதவர், தலித் உட்பட, 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருசம், காட்டை நம்பி வாழ்ந்ததை நிரூபிக்கணும். பெரியவர்கள் வாக்குமூலமும் சாட்சிதான் என்று விதி இருக்கிறது. கேட்பதென்னவோ காகிதம். சேரிக்காரனுக்கு 1930ல் எவன் காகிதம் கொடுத்தான்?

2020ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை 22 மொழிகளில் பெயர்க்கச் சொல்லி டெல்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. 2023ல் வனப் பாதுகாப்புச் சட்டத்தின் பேரையே 'வன் சன்ரக்ஷண் ஏவம் சம்வர்தன் அதினியம்' என்று மாற்றிவிட்டார்கள். வாயிலேயே நுழையவில்லை, காட்டுக்குள் எங்கே நுழைவது?

நம்மேலும் குற்றம் உண்டு தோழர்களே. வன்கொடுமை வழக்கு, பஞ்சமி நிலம் என்று ஓடினோம் (ஓடத்தான் வேணும்). காட்டை மலைசாதிப் பிரச்சினை என்று தள்ளிவிட்டோம். 2018ல் நானும் ஒரு வரி அனுப்பவில்லை. இங்கிலீஷ் படித்த பட்டதாரி!

அடுத்த வரைவு வரட்டும். தமிழில் கிராமசபையில் வாசித்த நாளிலிருந்துதான் கெடுவை எண்ண வேண்டும் என்று கேட்போம். கிராமசபையை ஊர் மந்தையில் மட்டும் கூட்டினால் ஒத்துக்கொள்ள முடியாது. சேரியிலும் கூட்டணும்.