வாங்குமுன் ஓரத்தைப் பாருங்கள்!

'டேப்லெட்' என்றால் மாத்திரை என்று நினைத்துக்கொண்டிருந்த பாட்டிமார்கூட இப்போது அதை மடியில் வைத்துக்கொண்டு உபன்யாசம் கேட்கிறார்கள். கூடத்தில் அது ஒன்று இருந்தால் போதும். குழந்தைக்குப் பாடம், அப்பாவுக்குக் கிரிக்கெட், அம்மாவுக்குச் சமையல் குறிப்பு, பாட்டிக்குக் கச்சேரி என்று காலையிலிருந்து இரவு வரை கை மாறிக்கொண்டே இருக்கும். ஆளுக்கொன்று வாங்க மாதச் சம்பளக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகுமா? பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் ரூபாய்க்குள் ஒன்றை வாங்கி, வீடு முழுவதும் பகிர்ந்துகொள்வதுதான் நம் வழக்கம்.

ஆகவே சகோதரிகளே, இந்த வாரம் அதை வாங்கும் சங்கதியைக் கொஞ்சம் பேசலாம். கடைக்குப் போனதும் கடைக்காரர் திரையின் பளபளப்பைக் காட்டுவார், காமிராவைக் காட்டுவார். எல்லாவற்றையும் பாருங்கள். ஆனால் அதைக் கையில் வாங்கி, நான்கு ஓரங்களையும் ஒரு சுற்றுத் திருப்பிப் பாருங்கள். ஹெட்போன் பின்னைச் செருகுகிற சின்ன வட்டத் துளை இருக்கிறதா?

"இத்தனை ரூபாய் கொடுத்து வாங்கும்போது ஒரு துளையைப் பற்றியா கவலை?" என்று கேட்பீர்கள். கவலைப்படத்தான் வேண்டும். மிளகு அளவுள்ள அந்தத் துளை இல்லாவிட்டால், பின்னால் கைப்பை அடிக்கடி திறக்க நேரும்.

அந்தத் துளைக்குப் பெரிய வம்சாவளியே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கம்பியின் நுனியிலுள்ள பின்னைப் பலகையில் செருகி இணைப்புக் கொடுப்பார்கள். அந்தப் பின் கால் அங்குலத் தடிமன். அதன் இளைய வாரிசுதான் நாம் பார்க்கும் 3.5 மில்லிமீட்டர் பின். டிரான்ஸிஸ்டர் ரேடியோக்களில் புகுந்த அது, 1979-ல் ஸோனி கம்பெனி வாக்மேனைக் கொண்டுவந்ததும் உலகமெங்கும் பரவியது. அந்த முதல் வாக்மேனில் இரண்டு துளைகள் இருந்தன. இரண்டு பேர் சேர்ந்து ஒரே பாட்டைக் கேட்கலாம். எத்தனை நல்ல எண்ணம் பாருங்கள்! அதற்குப் பிறகு எந்தக் கம்பெனி ஹெட்போனும் எந்தக் கம்பெனிச் சாமானிலும் பேதமில்லாமல் பொருந்தியது.

2016 செப்டம்பரில் ஆப்பிள் கம்பெனி தன் ஐபோன் 7-ல் அந்தத் துளையை அடைத்துவிட்டது. அதைத் 'தைரியம்' என்று மேடையிலேயே பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அதே மேடையில், கம்பியில்லாமல் காதில் செருகும் ஏர்பாட்ஸையும் அறிமுகப்படுத்தினார்கள். ஒரு கதவைச் சாத்திவிட்டு, பக்கத்திலேயே சீட்டு விற்கிற ஜன்னலைத் திறந்த கதைதான்! இதைக் கேலி செய்து விளம்பரம் போட்ட சாம்சங்கும் 2019-ல் தன் நோட் 10 போனில் அதையே செய்தது. ஐபேடுகளில் விலை உயர்ந்த 'புரோ' 2018-லும், சாதாரண ஐபேட் 2022-லும் துளையை இழந்தன.

போனுக்குள் இடம் நெருக்கடி. பாட்டரிக்கு இடம் வேண்டும். தண்ணீர் புகாமல் காக்க வேண்டும். இந்தக் காரணங்களை நாம் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் சமையலறைத் தாம்பாளம் போல் விரிந்திருக்கும் டேப்லெட்டுக்கு இடமில்லை என்பது நம்பும்படியாக இல்லை.

விலையைப் பார்த்தும் தீர்மானிக்க முடியாது. சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9-ல் துளை உண்டு. ஒன்பிளஸ் பேட் கோவில் இல்லை. ஷியோமி கம்பெனி 2022-ல் விற்ற ரெட்மி பேடில் துளை கிடையாது; 2023-ல் அதைவிட மலிவாகக் கொண்டுவந்த ரெட்மி பேட் எஸ்.இ.யில் இருக்கிறது! ஆகவே கண்ணால் பார்ப்பதுதான் உத்தமம்.

சரி, துளை இல்லை என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வது? இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, சார்ஜ் செய்யும் டைப்-சி துளையில் மாட்டுகிற குட்டை வால் போன்ற அடாப்டர். இதில் இரண்டு ஜாதி. ஒன்றின் வயிற்றில் ஒலியை மாற்றித் தரும் சின்ன 'சிப்' இருக்கும். அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். மற்றதில் வெறும் கம்பிதான். அது சில சாமான்களில் பேசும், சிலவற்றில் ஊமையாகிவிடும். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்! மேலும், வகுப்பு நடுவில் சார்ஜ் தீர்ந்தால் சார்ஜரை மாட்டுவதா, பாடம் கேட்பதா? இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ய அதற்கென்று இரட்டைத் துளை அடாப்டர் வேறு வாங்க வேண்டும்.

இரண்டாவது வழி, புளூடூத். நடமாடிக்கொண்டே கேட்கச் சௌகரியமானதுதான். ஆனால் தினம் அதற்கும் சார்ஜ் போட வேண்டும். சில வருஷங்களில் அதன் குட்டிப் பாட்டரி சோர்ந்துவிடும்; பெரும்பாலும் மாற்ற வழியில்லை, புதிதுதான் வாங்க வேண்டும். ஒலியும் இமைக்கும் நேரம் தாமதித்து வரும். சினிமா பார்க்கையில் அது தெரியாதபடி சரி செய்துகொள்கிறார்கள். ஆனால் குழந்தை கீபோர்டு பழகினால், விரல் ஒரு பக்கம், ஸ்வரம் ஒரு பக்கம் என்று ஆகிவிடும். மலிவான புளூடூத் ஹெட்போன்களில் மைக்கும் சேர்ந்து வேலை செய்யும்போது ஒலியின் தரம் இறங்கிவிடுவதும் உண்டு. பாட்டு வாத்தியாரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்டால் சிஷ்யை என்ன கற்றுக்கொள்வாள்?

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் வீட்டில் அது பலர் கைக்குப் போகும் சாமான். பாட்டி கச்சேரியைப் போடுவாள், சத்தமே வராது. அது மாடியில் இருக்கும் பேரனின் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்! கம்பி ஹெட்போனுக்கு இந்த வம்பு இல்லை. செருகினால் கேட்கும், பிடுங்கினால் நின்றுவிடும். பரீட்சைக்கு முதல் நாள் அறுந்துபோனாலும், தெருமுனைக் கடையில் நூறு, இருநூறு ரூபாயில் வேறொன்று வாங்கிப் பாடத்தைத் தொடரலாம். ஒரே கூடத்தில் டெலிவிஷனும் விருந்தாளியும் படிப்பும் நடக்கிற வீட்டில், குழந்தையின் பாடம் தடைப்படாமல் இருக்க இது சின்ன உதவியா?

ஹெட்போன் எதுவானாலும் காது ஜாக்கிரதை. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் பெரியவர்களுக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 டெசிபல், அதற்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். மிக்ஸி ஓடுகிறது என்று சத்தத்தைக் கூட்டும் பழக்கத்தை முளையிலேயே நிறுத்திவிடுங்கள்.

மற்றபடி பார்க்க வேண்டியவை சிலவே. ராம் நினைவகம் 4 ஜி.பி.க்குக் குறையக் கூடாது. சேமிப்பிடம் 64 ஜி.பி. என்றால் அதில் ஒரு பங்கை டேப்லெட்டே எடுத்துக்கொள்ளும். ஆகவே மெமரி கார்டு போட இடம் இருப்பது சிலாக்கியம். பத்து, பதினோரு அங்குலத் திரையானால் 1920-க்கு 1200 புள்ளிகள் இருந்தால்தான் எழுத்து துல்லியமாகத் தெரியும். எத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் தருவார்கள், சார்ஜர் பெட்டியிலேயே வருகிறதா, ரிப்பேர் சென்டர் உங்கள் ஊரில் உண்டா என்றும் கேளுங்கள்.

வீட்டில் எல்லோரிடமும் புளூடூத் ஏற்கனவே இருக்கிறது, மற்ற அம்சங்களும் திருப்தி என்றால், துளைக்காக நல்ல சாமானைத் தள்ள வேண்டாம். ஆனால் அடாப்டர் விலையையும் கூட்டிக்கொண்டு கணக்குப் பாருங்கள். 'ஆயிரம் ரூபாய் மலிவு' என்றது அப்போதும் மலிவாகவே இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

கடைக்குக் கிளம்பும்போது வீட்டிலிருக்கும் பழைய ஹெட்போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். அங்கேயே செருகி, ஒரு பாட்டைக் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து, தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிற நாம், இதை மட்டும் செருகிப் பார்க்காமல் வாங்கலாமா?