ஆடுகளத்துக்கு முன்பே தொடங்கும் ஆட்டம்

அமெரிக்காவில், பள்ளிப் படிப்பை இன்னும் முடிக்காத 17 வயதுக் கூடைப்பந்து வீரர் ஒருவர், தன்னைச் சேர்த்துக்கொள்ள விரும்பும் பல்கலைக்கழகத்துக்கு விருந்தினராகச் செல்கிறார். பெரிய அணிகளில் அந்தப் பயணத்தின் தவறாத அங்கம், ஒளிப்படப் பிடிப்பு. பல்கலைக்கழகத்தின் சீருடையை அணிவித்து, வண்ண விளக்குகளுக்கு நடுவே நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். தேர்ந்த வடிவமைப்பாளர்கள் மெருகேற்றிய அந்தப் படங்கள் விரைவிலேயே அவரது கைப்பேசிக்கு வந்து சேர்கின்றன. அவர் அவற்றை இன்ஸ்டாகிராமில் பதிவிடுகிறார். அவரைப் பின்தொடரும் பல்லாயிரம் இளைஞர்கள், அவரை அந்தச் சீருடையில் பார்க்கிறார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மாணவர் கையொப்பமிடும் வரை, அவரைச் சேர்க்க முயல்வதைப் பல்கலைக்கழகம் விளம்பரப்படுத்தக் கூடாது என்பது, என்சிஏஏ எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் நெடுநாளைய விதி. ஆனால், மாணவர் தாமே பதிவிடுவதற்குத் தடை இல்லை. செலவு பல்கலைக்கழகத்துடையது, பரப்புரை மாணவருடையது. யாரை ஈர்க்க வேண்டுமோ, அவரையே விளம்பர ஊடகமாக மாற்றிவிடும் உத்தி இது.

வீரர்களை ஈர்க்கும் காட்சி ஜோடனைகள் அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் புதியவை அல்ல. 1971-இல் மேரிலாந்து பல்கலைக்கழகப் பயிற்சியாளர் லெஃப்டி டிரீசல், பயிற்சி தொடங்க அனுமதிக்கப்பட்ட நாளின் நள்ளிரவிலேயே தனது வீரர்களை ஓட வைத்தார். அது பின்னர் 'நள்ளிரவுக் கோலாகலம்' என்ற திருவிழாவாக நாடெங்கும் பரவியது. கைப்பேசி வந்ததும் குறுஞ்செய்தி மழை பொழிந்தது. மாணவர்களின் தொல்லையையும் கட்டணச் சுமையையும் கருதி, 2007-இல் பயிற்சியாளர்கள் குறுஞ்செய்தி அனுப்புவதையே என்சிஏஏ தடை செய்தது. 2012-இல் ஆண்கள் கூடைப்பந்தில் அந்தத் தடை விலகியது. 2016-இல் மாணவர்களின் பதிவுகளுக்குப் பயிற்சியாளர்கள் விருப்பக்குறி இடலாம், பகிரலாம். ஆனால் கருத்து எழுதக் கூடாது என்று புதிய விதி வந்தது. விரல் அழுத்தலாம், எழுதக் கூடாது என்ற இந்த வேடிக்கையான எல்லைக்கோடு, தொழில்நுட்பத்தின் பின்னால் மூச்சிரைக்க ஓடும் ஒழுங்குமுறை அமைப்பின் நிலையைக் காட்டுகிறது.

ஏன் இத்தனை முனைப்பு? கூடைப்பந்தில் ஆடுகளத்தில் நிற்பவர்கள் ஐந்து பேர்தான். அபூர்வத் திறமையுள்ள ஒரே ஒருவர் அணியின் தலையெழுத்தை மாற்றிவிட முடியும். மார்ச் மாதத்தில் நடைபெறும் 68 அணிகளின் தேசியப் போட்டிக்கான ஒளிபரப்பு உரிமை, 2010-இல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. பின்னர் 2032 வரை மேலும் 880 கோடி டாலருக்கு நீட்டிக்கப்பட்டது. அந்தப் பணத்தை ஈட்டித் தந்த மாணவருக்கோ 2021 வரை கல்வி உதவித்தொகைக்கு மேல் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. 2019 பிப்ரவரியில் டியூக் பல்கலைக்கழக வீரர் சயான் வில்லியம்சனின் நைக்கி காலணி, ஆட்டம் தொடங்கிய அரை நிமிடத்தில் பிய்ந்துபோனது. மறுநாள் நைக்கியின் பங்கு விலை சுமார் ஒரு விழுக்காடு சரிந்தது. அந்தக் காலணியை விளம்பரப்படுத்தியதற்காக அவர் ஒரு டாலர்கூடப் பெற விதிகள் இடம் தரவில்லை.

இந்த அநீதி நீதிமன்றங்களில்தான் உடைந்தது. யுசிஎல்ஏ முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓபேனன், விடியோ விளையாட்டில் தன் உருவம் பயன்படுத்தப்பட்டதை எதிர்த்து 2009-இல் வழக்குத் தொடுத்தார். 2019-இல் கலிஃபோர்னியா, தம் பெயராலும் உருவத்தாலும் வருவாய் ஈட்டும் உரிமையை மாணவர்களுக்கு அளிக்கும் சட்டம் இயற்றியது. 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்சிஏஏ-வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். அடுத்த மாதமே கதவு திறந்தது. 2025 ஜூனில் ஏற்கப்பட்ட 'ஹவுஸ்' வழக்கின் உடன்பாடு, முன்னாள் வீரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடும், இனி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுக்குச் சுமார் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பகிரும் வாய்ப்பும் தந்தது.

இந்த மாற்றம் விளம்பரத்தின் உள்ளடக்கத்தையே மாற்றிவிட்டது. 'இங்கே வந்தால் நீ சாம்பியன் ஆகலாம்' என்பது பழைய அழைப்பு. 'இங்கே வந்தால் உன் பெயரை நாங்கள் வணிகச் சின்னமாக வளர்த்துத் தருவோம்' என்பது புதிய அழைப்பு. சட்டம் மாறுவதற்கு முன்பே, 2020-இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் ஓபன்டோர்ஸ் என்ற நிறுவனத்துடன் இணைந்து, தன் வீரர்களின் தனிப்பட்ட அடையாளத்தை வளர்க்கும் திட்டத்தை அறிவித்தது. ஆட்டம் முடிந்த கையோடு ஒளிப்படங்களையும் காணொலிகளையும் வீரர்களின் கைப்பேசிக்கே அனுப்பிவைக்கும் நிறுவனங்கள் உருவாகியுள்ளன. நைக்கியிலும் என்பிஏ அமைப்பிலும் பணியாற்றிய ரேச்சல் பேக்கரை, 2022-இல் டியூக் தன் கூடைப்பந்து அணியின் பொது மேலாளராக நியமித்தது.

இதனால் நன்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஃப்ரெஸ்னோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடிய காவிண்டர் சகோதரிகள், டிக்டாக்கில் தாங்கள் திரட்டிய லட்சக்கணக்கான ரசிகர்களின் பலத்தால், புதிய விதி நடைமுறைக்கு வந்த முதல் நாளிலேயே விளம்பர ஒப்பந்தம் பெற்றார்கள். 2024 மகளிர் இறுதி ஆட்டத்தைச் சராசரியாக 1.87 கோடிப் பேர் பார்த்தனர். ஆண்கள் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் 1.48 கோடி. தொலைக்காட்சிகள் நெடுங்காலம் ஒதுக்கிவைத்த மகளிர் விளையாட்டுக்கு, சமூக ஊடகம் நேரடியாகச் சந்தையைத் திறந்துவிட்டது. மேலும், 2017-இல் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ அம்பலப்படுத்திய ரகசியக் கையூட்டுகளை நினைத்தால், பணம் வெளிப்படையாகக் கைமாறுவது மேலானது.

என் கவலை வேறு. பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், இந்தப் போட்டியின் மொத்தக் கணக்கைப் பார்க்கிறேன். விளையாட்டில் வென்ற கல்லூரிக்கு விண்ணப்பங்கள் கூடுகின்றன என்பது உண்மை. முன்னணி 16 கூடைப்பந்து அணிகளிலும் 20 கால்பந்து அணிகளிலும் இடம்பெறும் கல்லூரிகளுக்கு விண்ணப்பங்கள் 2 முதல் 8 விழுக்காடு வரை உயர்வதாக, டெவின் போப், ஜேரன் போப் ஆகிய பொருளியலாளர்கள் 2009-இல் கண்டறிந்தனர். ஆனால், முதல் 16 இடங்கள் எப்போதும் 16 இடங்கள்தான். ஒவ்வொருவரும் செலவை இரட்டிப்பாக்கினாலும் ஓர் இடமும் கூடப்போவதில்லை. திரையரங்கில் முன்வரிசையினர் எழுந்து நின்றால், பின்வரிசையினரும் எழ வேண்டியிருக்கிறது. முடிவில் எல்லோருக்கும் கால் வலிக்கிறது, காட்சி மட்டும் முன்பு தெரிந்த அளவே தெரிகிறது. பொருளியலாளர் ராபர்ட் ஃபிராங்க், கல்லூரி விளையாட்டைப் பற்றி 2004-இல் எழுதிய அறிக்கையின் சாரமும் இதுவே.

இந்தக் கால்வலியைத் தாங்குபவர் யார்? பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் விளையாட்டுத் துறை தன் வருவாயில் மட்டும் நடப்பதில்லை. பொது நிதியும், ஆட்டத்தையே பார்க்காத மாணவரின் கட்டணமும் சேர்ந்துதான் அதைத் தாங்குகின்றன.

இன்னொரு புறம், தகவல் சமமின்மை. முதல் பிரிவில் 350-க்கும் மேற்பட்ட ஆண்கள் அணிகள் உள்ளன. வீரர்கள் ஏறத்தாழ 5,000 பேர். என்பிஏ ஆண்டுதோறும் தேர்வு செய்வது அதிகபட்சம் 60 பேரை. அவர்களிலும் பலர் வெளிநாட்டினர். 2025-இல் கல்லூரி மாறுவதற்குப் பெயர் பதிந்த ஆண்கள் கூடைப்பந்து வீரர்கள் 2,000 பேருக்கு மேல்; அவர்கள் எல்லோருக்கும் புதிய இடம் கிடைப்பதில்லை. ஒளிரும் சுவரொட்டியில் இந்த எண்கள் இடம்பெறுவதில்லை. எஃப்-1 விசாவில் வரும் வெளிநாட்டு வீரருக்கு, அமெரிக்க மண்ணில் விளம்பர வருவாய் ஈட்டுவது விசாவுக்கே ஆபத்தாகலாம். காங்கோவிலிருந்து வந்து கென்டக்கியில் ஆடிய ஆஸ்கர் ஷிப்வே, 2022-இல் பஹாமாஸ் பயணத்தின்போதுதான் விளம்பரங்களில் நடிக்க முடிந்தது. எஃப்-1 விசாவின் நெருக்கடிகள், பிள்ளைகளை அங்கு அனுப்பிய நம் பெற்றோர் பலருக்கும் தெரிந்தவையே.

விளம்பரத்தைத் தடை செய்வது தீர்வல்ல. குறுஞ்செய்தித் தடையின் கதி அதைச் சொல்கிறது. விளம்பரத்தோடு உண்மையும் செல்ல வேண்டும் என்று விதிப்பதே வழி. கடந்த ஐந்தாண்டுகளில் அந்த அணியில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அங்கேயே பட்டம் பெற்றார்கள், எத்தனை பேர் வெளியேறினார்கள், காயம்பட்டால் ஒப்பந்தம் என்னவாகும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, கையொப்பத்துக்கு முன்பே மாணவரிடமும் பெற்றோரிடமும் தர வேண்டும். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கப் பல்கலைக்கழகத்தைச் சாராத வழக்கறிஞர் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். 600 டாலருக்கு மேற்பட்ட வெளி ஒப்பந்தங்களைப் பதிவு செய்யும் முறை இப்போது வந்திருக்கிறது. பணத்தின் கணக்கைக் கேட்கும் அமைப்பு, வாக்குறுதியின் கணக்கையும் கேட்கலாமே.

பல்கலைக்கழகங்கள் விளம்பர மோகத்தில் வணிக நிறுவனங்களாக மாறுவதைத் தோர்ஸ்டீன் வெப்ளன் 1918-லேயே நூலாக எழுதிக் கண்டித்தார். அன்று தூக்கி நிறுத்தப்பட்டது நிறுவனத்தின் பெயர். இன்று பதினேழு வயதுப் பிள்ளையின் பெயரும் முகமும் சேர்ந்து சந்தைக்கு வருகின்றன. அதற்குரிய விலையை அந்தப் பிள்ளைக்குத் தருவது நியாயம். ஆனால், உண்மையைச் சொல்லி முடிவெடுக்க விடுவது, விலைக்கும் முந்தைய கடமை. அதைச் செய்யத் தவறும் நிறுவனம் கோப்பையை வெல்லலாம். கல்விக்கூடம் என்ற பெயருக்கு உரியதாகாது.