விமானி செலுத்தும் சந்தா வீண் காசா?

"கை நிறையச் சம்பளம் வாங்கும் விமானிக்குச் சங்கம் எதற்கு? சம்பளத்தில் வெட்டிச் சந்தா கட்டுவானேன்? அந்தக் காசு வீட்டில் இருந்தால் பிள்ளைகளின் படிப்புக்காவது ஆகுமே!"

அமெரிக்காவில் இப்படிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். விமானக் கம்பெனிகளின் ஆட்கள் கேட்பதில் வியப்பில்லை. விமானிகளிலேயே சிலர் கேட்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. தோட்டத்துத் தோழர்களுக்கு இது புதிய பாட்டன்று. பெரட்டுக் களத்திலும் ஆபீசு வாசலிலும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன பாட்டுத்தான். பாடுகிறவர் வேறு, ராகம் ஒன்றே.

பால் வெட்டுகிறவருக்கும் வானத்தில் பறக்கிறவருக்கும் என்ன சம்பந்தம் என்று தோழர்கள் நினைக்கக் கூடாது. விமானியின் வேலை எளிதில் யாருக்கும் வராத வேலை. அவர் ஓட்டாவிட்டால் கோடிக்கணக்கில் விலை போட்டு வாங்கிய விமானம் கொட்டகையில் கிடக்கும். அப்படிப்பட்டவராலேயே தனியாக நின்று முதலாளியோடு பேச முடியவில்லை என்றால், ஒருவர் போனால் இன்னொருவர் என்று கணக்கிடப்படுகிற நம்மால் முடியுமா? ஆகவே இந்த வழக்கை நாம் விசாரிக்கத்தான் வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம்

அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள விமானிகளின் பெரிய சங்கம் 'ஏர் லைன் பைலட்ஸ் அசோசியேஷன்'. 1931இல் சிக்காகோவில் தோன்றியது. இன்று எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட விமானிகள் அதில் இருக்கிறார்கள். அதன் சந்தா ஆளுக்கு இவ்வளவு என்ற ஒரே தொகையன்று. சம்பளத்தில் நூற்றுக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவு. ஆண்டுக்கு ஒரு இலட்சம் டாலர் சம்பாதிப்பவர் இரண்டாயிரத்துக்கு உட்பட்ட தொகை கட்டுகிறார். அதிகம் வாங்கும் தலைமை விமானி அதிகம் கட்டுகிறார். புதிதாக வந்த துணை விமானி குறைவாகக் கட்டுகிறார். இது நியாயமான ஏற்பாடே.

இரண்டாயிரம் டாலர் சிறு காசு என்று நாம் சொல்லமாட்டோம். உழைத்துப் பெற்ற காசில் சிறியது என்று எதுவும் இல்லை. ஆனால் அந்தக் காசு என்ன கொண்டுவந்தது என்றும் பார்க்க வேண்டாமா?

கிராணித் தோழர்கள் பென்சிலை எடுத்துக்கொள்ளட்டும். 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் டெல்டா விமானக் கம்பெனியின் விமானிகள் புதிய ஒப்பந்தத்தை வாக்களித்து ஏற்றுக்கொண்டார்கள். ஒப்பந்தம் கையெழுத்தானதும் சம்பளம் நூற்றுக்கு 18 உயர்ந்தது. நான்கு ஆண்டுகளில் மொத்தம் 34 உயர்வு. அதே கம்பெனியில் விமானப் பணிப்பெண்களுக்கும் தரையில் வேலை செய்பவர்களுக்கும் சங்கம் கிடையாது. அதே ஆண்டு ஏப்ரலில் அவர்களுக்குக் கம்பெனி தானாகக் கொடுத்த உயர்வு நூற்றுக்கு 5. அதற்கு முந்திய ஆண்டு விமானிகள் காத்துக் கிடந்தபோது மற்றவர்களுக்கு ஒரு சிறு உயர்வு கிடைத்தது என்பதையும் நாம் மறைக்கவில்லை. இரண்டையும் கூட்டினாலும் பதினெட்டுக்கு எட்டாது. ஒரே கம்பெனி, ஒரே இலாபம், ஒரே விமானம். ஒருவரிடம் ஒப்பந்தம் இருந்தது. மற்றவரிடம் நம்பிக்கை மட்டும் இருந்தது. இரண்டையும் கழித்துப் பார்த்தால் சந்தாவின் விலை தெரியும்.

"விமானிகளுக்குத் தட்டுப்பாடு வந்தது, அதனால் சம்பளம் ஏறியது, சங்கத்தால் அன்று" என்பார்கள். தட்டுப்பாடு உண்மைதான். ஆனால் தட்டுப்பாடு தானாக ஒப்பந்தம் எழுதுமா? ஓய்வு நேரம் எத்தனை, நோயில் விழுந்தால் என்ன, ஆட்குறைப்பு வந்தால் யார் முன்னே யார் பின்னே என்று மேசையில் உட்கார்ந்து வரி வரியாக வாதாடுமா? ரப்பர் விலை ஏறிய ஆண்டுகள் உண்டு. விலை ஏறியது என்ற ஒரே காரணத்துக்காக நம் கூலியைத் தேடி வந்து உயர்த்திய முதலாளி எத்தனை பேர் என்று தோழர்களே எண்ணிச் சொல்லட்டும்.

உயிருக்கு என்ன விலை?

சம்பளம் ஒரு பாதிதான். மறு பாதி உயிர்.

அமெரிக்காவில் விமானத் தபால் தொடங்கிய காலத்தில் தபால் இலாகா முதலில் அமர்த்திய 40 விமானிகளில் 31 பேர் விபத்தில் மாண்டார்கள் என்று வரலாறு சொல்கிறது. மூடுபனியிலும் பற என்பது மேலதிகாரியின் கட்டளை. 1919ஆம் ஆண்டு ஜூலையில் இரண்டு விமானிகள் அந்தப் பனியில் பறக்க மறுத்தார்கள். உடனே வேலையை விட்டு நீக்கினார்கள். மற்ற விமானிகள் ஒன்றுசேர்ந்து பறக்க மறுத்த பிறகுதான் அதிகாரம் இறங்கிவந்தது. அன்று அவர்களுக்குச் சங்கம் என்ற பெயர்கூட இல்லை. ஒற்றுமை மட்டும் இருந்தது.

1932இல் செஞ்சுரி என்ற விமானக் கம்பெனி சம்பளத்தை வெட்டியது. விமானிகள் வேலை நிறுத்தம் செய்தார்கள். புதிதாகப் பிறந்த சங்கம் அவர்களைத் தாங்கியது. 1934இல் மாதத்துக்கு 85 மணி நேரத்துக்கு மேல் பறக்கச் சொல்லக்கூடாது என்ற தீர்ப்பு வந்தது. இதெல்லாம் முதலாளியின் தயவால் வந்ததா? சந்தா கட்டிய கைகளால் வந்தது.

பழங்கதை என்று தள்ள வேண்டாம். 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் கம்பெனியின் விமானம் விழுந்து ஐம்பது பேர் மாண்டார்கள். சிறு கம்பெனி விமானிகளின் குறைந்த சம்பளமும், தூரத்திலிருந்து வேலைக்கு வரும் அலைச்சலும், தூக்கமின்மையும் அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தன. மாண்டவர்களின் குடும்பத்தார் முன்னின்று போராடினார்கள். விமானிகள் சங்கமும் ஓய்வு விதிக்காக வாதாடியது. 2014இல் புதிய விதி நடப்புக்கு வந்தது. வேலைக்கு முன் பத்து மணி நேர ஓய்வு, அதில் எட்டு மணி நேரம் தூங்க வாய்ப்பு. சரக்கு விமானிகளை மட்டும் அந்த விதி விட்டுவிட்டது. சரக்குக்கு உயிர் இல்லை, ஓட்டுகிறவனுக்குமா இல்லை?

இன்னொன்று கேளுங்கள். அமெரிக்காவில் நாற்பது வயதைத் தாண்டிய தலைமை விமானி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மருத்துவச் சோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் அன்றே வேலை நின்றுவிடும். அப்படிப்பட்ட வேளையில் அவருக்கு வழி சொல்லச் சங்கமே மருத்துவர்களை வைத்திருக்கிறது. இப்போது இரண்டு விமானிகள் இருக்கும் அறையில் ஒருவர் போதும் என்ற பேச்சும் எழுந்திருக்கிறது. அதை எதிர்த்து நிற்பது யார்? தனித்தனி விமானியா? சங்கம்தான்.

குற்றச்சாட்டில் உண்மை இல்லையா?

இருக்கிறது. அதை மூடி மறைப்பது தொழிலாளிக்குச் செய்யும் துரோகம்.

1983இல் காண்டினென்டல் கம்பெனி திவால் என்று அறிவித்து ஒப்பந்தத்தைக் கிழித்தெறிந்தது. விமானிகள் இரண்டு ஆண்டுகள் போராடியும் பழைய நிலை திரும்பவில்லை. 2004இல் டெல்டா விமானிகள் நூற்றுக்கு 32 க்கும் மேலாகச் சம்பள வெட்டை ஏற்றார்கள். 2006இல் மறுபடியும் வெட்டு. 2005இல் யுனைடெட் கம்பெனி ஊழியர்களின் ஓய்வூதியத் திட்டங்களைக் கைகழுவியது. சந்தா கட்டியும் இந்த அடிகள் விழுந்தன.

அதைவிடக் கசப்பானது 'டி டபிள்யூ ஏ' விமானிகளின் கதை. 'டி டபிள்யூ ஏ' என்ற அந்தக் கம்பெனியை 2001இல் அமெரிக்கன் கம்பெனி வாங்கியபோது அவர்கள் பணிமூப்பை இழந்தார்கள். எங்கள் சங்கமே எங்களுக்காக நேர்மையாக வாதாடவில்லை என்று சங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டார்கள். 2011இல் ஜூரிகள் சங்கம் தவறியது என்றார்கள். 2014இல் ஐந்து கோடியே முப்பது இலட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று.

இதைக் காட்டி, "பார்த்தீர்களா, சந்தா வீண்!" என்கிறார்கள். நாம் கேட்கிறோம்: கூரை ஒழுகினால் ஓட்டை அடைப்பீர்களா, வீட்டையே இடிப்பீர்களா? திவால் நீதிமன்றத்தில் சங்கம் இல்லாதவன் பேச வாய்கூடக் கிடையாது. வெட்டு அவனுக்கும் விழும், அதுவும் பேச்சில்லாமல் விழும். சங்கம் தவறினால் வழக்காடும் உரிமையும், தேர்தலில் தலைவரை இறக்கும் உரிமையும் உறுப்பினருக்கு உண்டு. முதலாளியை எந்த வாக்குச்சீட்டால் இறக்குவீர்கள்?

நம் பக்கத்து வானம்

நம் பக்கத்து விமானிகளின் கதையும் இதையே சொல்கிறது. சிங்கப்பூரில் 1980இல் விமானிகள் நடத்திய போராட்டத்துக்குப் பின், 1981இல் அவர்கள் சங்கத்தின் பதிவு நீக்கப்பட்டது; அதே ஆண்டு வேறு சங்கம் அமைந்தது. 2003இல் சம்பள வெட்டுக்கு இசைந்த தலைவர்களை உறுப்பினர்கள் வாக்களித்து இறக்கினார்கள். 2004இல் சட்டம் திருத்தப்பட்டது. உறுப்பினர்களின் ஒப்புதல் இல்லாமலே தலைவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம் என்றாயிற்று. மலேசியாவில் 2014இல் விமான நிறுவனத்தைத் திருத்தி அமைக்கிறோம் என்று 6,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தார்கள். புதிய கம்பெனி பழைய முதலாளியின் வாரிசு அன்று என்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லிவிட்டது. பழைய ஒப்பந்தங்களின் கதி என்ன என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

தோழர்களே, சங்கம் உதவாக்கரை என்றால் அதைக் கட்டுப்படுத்த இத்தனை சட்டம் எதற்கு? பதிவு நீக்கம் எதற்கு? பயனற்ற கத்திக்கு யாரும் உறை தேடுவதில்லை.

ஆகவே நம் தீர்ப்பு இது. விமானியின் சந்தா வீண் காசன்று. ஆனால் காசைக் கட்டிவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டால் அது வீணாகும். பக்கத்து ஆள் கட்டட்டும், பலன் எனக்கும் வரும் என்று ஒதுங்கி நிற்கிறவன் விமானியானாலும் சரி, பால் வெட்டுகிறவனானாலும் சரி, அடுத்தவன் மங்கில் பால் எடுக்கிறவனே.

சந்தாவைக் கட்டுங்கள். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். கூட்டத்துக்கு வந்து வரவு செலவைக் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் எழுந்து நின்று சொல்லுங்கள். கேட்க வேண்டிய இடம் அதுதான். துரையின் பங்களா வாசல் அன்று.