பழைய சைக்கிளும் புதிய பிரேக் கட்டையும்



மூன்று மாதத்துக்கு முன் ஒரு மாலை நேரம். பள்ளிக்கூடத்தில் கணக்குப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்துவிட்டு, இப்போது பட்டணத்தில் முதலாம் படிவம் படிக்கும் ஒரு பையனின் தகப்பனார் வந்து வாசலில் நின்றார். தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுபவர்.

"சார், பையன் புது சைக்கிள் கேக்கிறான். கியர் வெச்சது. பட்டணத்துல நாப்பது கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டம் வைக்கிறாங்களாம், அதுல சேரணுமாம். மாசா மாசம் கட்டுற மாதிரி எடுத்துக் கொடுத்திடலாமா?" என்று கேட்டார்.

"இப்ப இருக்கிற சைக்கிளுக்கு என்னண்ணே?" என்றேன்.

"எங்கப்பா ஓட்டின ராலி சார். நல்லாத்தான் ஓடுது. கூட்டாளிங்க சிரிக்கிறாங்களாம்."

சரி, முதலில் சைக்கிளைப் பார்ப்போம் என்று அவருடன் லயத்துக்குப் போனேன். சைக்கிளைக் கண்டதும் திடுக்கிட்டேன். பிரேக் கம்பிகள் இரண்டும் கழற்றப்பட்டிருந்தன! பின்பக்கத்துக் கேரியரும் இல்லை. சீட்டைக் கீழே இறக்கியிருந்தான். தகப்பனாருக்கே அது அப்போதுதான் தெரிந்தது. பையன் தலையைக் குனிந்துகொண்டு, "புதுசு கிடைக்கலன்னா இதையே லாஜாக் ஆக்கிடலாம்னு கூட்டாளி சொன்னான் ஐயா" என்றான்.

பெற்றோர்களே, இந்த 'பாசிக்கால் லாஜாக்' என்ற சொல்லை ஜொகூரில் இருக்கும் நாம் சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போக முடியாது. பிரேக்கைக் கழற்றி, கைப்பிடியையும் சீட்டையும் தாழ்த்தி, வயிற்றைச் சீட்டில் வைத்துப் படுத்தபடி மேட்டிலிருந்து சீறிக்கொண்டு இறங்குவதுதான் அந்த விளையாட்டு. 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் தேதி விடியற்காலை இருட்டில், ஜொகூர் பாரு ஜாலான் லிங்காரான் டாலாமில், இப்படி மாற்றிய சைக்கிள்களில் கூட்டமாகப் போன பிள்ளைகள் மீது கார் மோதி 8 பேர் இறந்தார்கள். எல்லோரும் பள்ளி வயதுப் பிள்ளைகள். யார் மீது குற்றம் என்பதை நீதிமன்றங்கள் பல ஆண்டு விசாரித்தன. அதற்குள் நான் நுழையவில்லை. எட்டு வீடுகளில் பிள்ளை வாசலில் விட்டுப்போன செருப்பு அப்படியே கிடந்திருக்கும். என் மனத்தை அறுப்பது அதுதான்.

இந்தச் சைக்கிளை வைத்துக்கொள்வதா, புதிது வாங்குவதா என்று தகப்பனார் கேட்டார். என் பதிலை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் முழுவதும் ஒரே வயதில் பழசாவதில்லை. எலும்பு ஒன்று, செருப்பு ஒன்று. எலும்பு நெடுநாள் உழைக்கும். செருப்பு தேயும், மாற்ற வேண்டும். தேய்ந்த செருப்புக்காக யாரும் காலை மாற்றுவதில்லை.

சைக்கிளுக்கு எலும்பு அதன் இரும்பு பிரேம். அந்தக் காலத்து எஃகுக் குழாய். மூட்டுகளில் பித்தளை உருக்கிப் பற்றவைத்தது. துரு உள்ளே தின்னாமல், மூட்டில் வெடிப்பு விடாமல், முன் கவை வளையாமல் இருந்தால் அது தாத்தாவையும் சுமக்கும், பேரனையும் சுமக்கும். செருப்புக் கணக்கில் வருபவை பிரேக் கட்டை, டயர், டியூப், செயின், பேரிங் குண்டுகள். இவற்றில் மிச்சம் பிடிப்பது சிக்கனம் ஆகாது. உயிரோடு விளையாடுவது அது.

டயரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்றடைத்த டயரை 1888-இல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்து பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். முதலில் சைக்கிளும், பிறகு மோட்டார் காரும் உலகத்தில் பெருகப் பெருக ரப்பர் தேவைப்பட்டது. மலாயாவில் காடு வெட்டி ரப்பர் நட்டார்கள். நம் பாட்டன் பாட்டி கப்பலேறி வந்த கதையில் சைக்கிள் சக்கரத்துக்கும் ஒரு பங்கு உண்டு! ரப்பர் வெயிலிலும் காற்றிலும் கிடந்தால் செத்துப்போகும் என்பது பால்மரம் வெட்டிய குடும்பத்துக்குத் தெரியாதா? டயரை விரலால் மடக்கிப் பாருங்கள். பக்கவாட்டில் சிறு சிறு வெடிப்பு தெரிந்தால், மேலே கட்டை எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது. பிரேக் கட்டையும் அப்படித்தான். கண்ணாடி போல் இறுகி வழவழத்துப் போனது பிடிக்காது.

செயினுக்கு ஒரு கணக்கு வாத்தியார் சோதனை இருக்கிறது. பிள்ளையின் அடிக்கோலில் அங்குலக் கோடு உள்ள பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செயினை இறுக்கிப் பிடித்து, ஒரு முளையின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். சாதாரண சைக்கிள் செயினில் முளைக்கும் முளைக்கும் இடைவெளி அரை அங்குலம். ஆகவே 12 அங்குலக் கோட்டில் இன்னொரு முளையின் நடு சரியாக வந்து நிற்க வேண்டும். அது ஓர் அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. 8-இல் ஒரு பங்கு தள்ளி நின்றால் பின்சக்கரத்துப் பல்லும் தேய்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். நேரத்தோடு செயினை மட்டும் மாற்றியவருக்குப் பல் மிச்சம்.

"இவ்வளவு பழைய சைக்கிளுக்குச் சாமான் கிடைக்குமா சார்?" என்று தகப்பனார் சந்தேகப்பட்டார். நல்ல கேள்வி. பழையதை வைத்துக்கொள்ளலாமா என்பதற்கு விடையே இதில்தான் இருக்கிறது.

நம் மாநிலத்தின் சரித்திரத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, 1942 ஜனவரி 31-இல் ஜொகூர் பாருவில் நின்றது. அத்தனை தூரத்தையும் 55 நாட்களில் கடந்தார்கள். காலாட்படையில் பெரும் பகுதி வந்தது சைக்கிளில்தான். ஜப்பானில் செய்த சைக்கிள்கள் போருக்கு முன்பே மலாயாக் கடைகளில் ஏராளமாக விற்பனையானவை. அதனால் உடைந்த பாகத்துக்கு மாற்றுப் பாகம் வழியெங்கும் கிடைத்தது. கிடைக்காத இடத்தில் ஊர் மக்களின் சைக்கிளையே பிடுங்கிக்கொண்டார்கள். வெயிலில் டயர் வெடித்தபோது டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மில் ஓட்டினார்கள். இரவில் அந்தச் சத்தத்தைக் கேட்டு டாங்கி வருகிறதென்று எதிரிகள் அஞ்சினார்களாம். அதே படை பின்னர் நம் ஜனங்களைச் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துப்போன கொடுமையை எந்தத் தோட்டமும் மறக்காது. அவர்களைப் புகழ இதைச் சொல்லவில்லை. எல்லா ஊரிலும் கிடைக்கும் பாகம் உள்ள வண்டிதான் நெடுந்தூரம் போகும் என்ற பாடத்துக்காகச் சொல்கிறேன்.

ராலி செய்த இங்கிலாந்து நாட்டிங்காம் தொழிற்சாலை 2002-இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அதே மாதிரிப் பெரிய சைக்கிள்களை இந்தியாவிலும் சீனாவிலும் கோடிக் கணக்கில் செய்தார்கள். 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் நிறுவனம், ஹெர்குலிஸ் சைக்கிளைத் தமிழ்நாட்டிலேயே செய்தது. அதனால்தான் 28 அங்குல டயரும், கம்பி பிரேக்குக்கான கட்டையும் இன்றும் கிடைக்கின்றன. பட்டணத்துப் பழைய சீனர் கடையில் கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் வரை அந்தச் சைக்கிள் உயிரோடு இருக்கிறது.

பையன் விடவில்லை. "புது சைக்கிள்னா வேகமாப் போகும்தானே ஐயா?" என்றான். குழந்தை கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஆம், வேகமாகப் போகும். பெல்ஜியம் நாட்டு வீரர் எடி மெர்க்ஸ் 1972-இல் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை செய்தார். இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மேன் 1996-இல், காற்றைக் கிழிக்கும் நவீன சைக்கிளில் கையை முன்னால் நீட்டிப் படுத்தபடி 56.375 கிலோமீட்டர் ஓட்டினார். பிறகு உலக சைக்கிள் சம்மேளனம், மெர்க்ஸ் காலத்து மாதிரி சைக்கிளில் ஓட்டினால்தான் அந்தச் சாதனைக் கணக்கு என்று விதி வைத்தது. 2000-ஆம் ஆண்டில் அதே போர்ட்மேன் பழைய மாதிரி சைக்கிளில் ஏறினார். எவ்வளவு ஓட்டினார் தெரியுமா? 49.441 கிலோமீட்டர். 28 ஆண்டுகளுக்குப் பின் வந்தவர் வெறும் 10 மீட்டர் முந்தினார்! மெக்சிகோவின் மெல்லிய காற்று மெர்க்ஸுக்கு உதவியது என்பதைக் கழித்தாலும், வித்தியாசம் எதில் இருந்தது என்று விளங்கும்.

அந்த ஏழு கிலோமீட்டர் உலகச் சாதனைக்காரனுக்குப் பெரிய விஷயம். காற்று அவனைத்தான் தடுக்கும். செம்மண் பாதையில் பள்ளிப் பேருந்தைப் பிடிக்கப் போகும் பிள்ளையைத் தடுப்பது காற்றல்ல. காற்றில்லாத டயரும் எண்ணெயில்லாத செயினும்தான்.

கால்களுக்கு வேலை கொடுக்கும் விளையாட்டு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். 1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் நம் கோ. சரவணன் 50 கிலோமீட்டர் நடைப் பந்தயத்தில் தங்கம் வாங்கினார். 4 மணி 10 நிமிடம் 5 விநாடி நடந்தார். அந்த நடைக்கு வேண்டியது ஒரு ஜோடி காலணியும் பல ஆண்டுப் பயிற்சியும். ஆனால் காலணியும் செருப்புக் கணக்குதான். பிள்ளையின் ஓட்டக் காலணியை மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், அடியில் உள்ள மெத்தை செத்துவிட்டது. மேலே பளபளப்பு இருந்தாலும் ஓட வேண்டாம், கடைக்குப் போக வைத்துக்கொள்ளட்டும். தலைக்கவசம் ஒரு முறை பலமாக அடிபட்டால் உள்ளே இருக்கும் நுரை நசுங்கிவிடும். மறு அடியைத் தாங்காது. 'நல்லாத்தானே இருக்கு' என்று அதை அண்ணனிடமிருந்து தம்பிக்கு மாற்றிவிடாதீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தோம். கழற்றிய பிரேக் கம்பிகளைப் பையன் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துவந்தான். நான்கு பிரேக் கட்டை, இரண்டு டயர், ஒரு செயின், கொஞ்சம் கிரீஸ். புது சைக்கிளுக்குக் கட்ட வேண்டிய ஒரு மாதத் தவணைக்குள்ளேயே எல்லாம் முடிந்தது. வேலை முழுவதையும் பையனே செய்தான். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இப்பத்தான் எங்க மாமனார் சைக்கிள் மாதிரி இருக்கு" என்றார்.

பிறகு அவனுக்கு ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தேன். நீங்களும் உங்கள் வீட்டில் செய்யுங்கள். சைக்கிள் பக்கத்தில் நின்று முன் பிரேக்கைப் பிடித்து முன்னால் தள்ளினால் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்ப வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் பின்சக்கரம் சுழலாமல் தரையில் இழுபட வேண்டும். இரண்டும் சரியென்றால் ஏறலாம். ஒன்று தவறினாலும் அன்றைக்கு நடந்துதான் போக வேண்டும். இன்னொன்று: பழைய சைக்கிளின் இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் வழுக்கும். அலுமினிய ரிம் அவ்வளவு வழுக்காது. இது பழைய சைக்கிளின் குறைதான், மறைக்கவில்லை. ஆகவே மழையில் மெதுவாகப் போய், வளைவுக்கு வெகு முன்னாலேயே பிரேக்கை இலேசாகத் தொட்டுத் தண்ணீரைத் துடைத்துவிட வேண்டும்.

நாற்பது கிலோமீட்டர் ஓட்டத்தில் அவன் கலந்துகொண்டான். முதலாவதாக வரவில்லை. கடைசிக் கூட்டத்தோடு வந்து சேர்ந்தான். கூட்டாளிகள் சிரித்தார்களா என்று கேட்டேன். "ரெண்டு பேரு சிரிச்சாங்க ஐயா. ஆனா மேட்டுல ஒருத்தனுக்குச் செயின் கழண்டுபோச்சு. நான்தான் மாட்டிக் கொடுத்தேன்" என்றான்.

வாசகர்களே, வசதி இருந்தால் பிள்ளைக்குப் புதிது வாங்கிக் கொடுங்கள், அதில் தவறில்லை. ஆனால் கூட்டாளி சிரிக்கிறான் என்பதற்காகக் கடன் வாங்காதீர்கள். பழசுதானே, என்ன செய்தால் என்ன என்று பிள்ளைகள் அதன் பிரேக்கைக் கழற்றும்படியும் விட்டுவிடாதீர்கள். வீட்டில் யாரும் திரும்பிப் பார்க்காத சைக்கிளைத்தான் பிள்ளை லாஜாக் ஆக்குகிறான். தகப்பனார் வாரம் ஒரு முறை குனிந்து பார்க்கும் சைக்கிளில் அவன் கை வைக்கமாட்டான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் லயத்துக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கும் சைக்கிளின் முன் பிரேக்கை ஒரு முறை பிடித்துத் தள்ளிப் பாருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.