அட்டவணையின் கடுமை யாருக்கு?

2024 டிசம்பர் 8 அன்று அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் பிளேஆஃப் சுற்றுக்குத் தகுதி பெற்ற பன்னிரண்டு அணிகளின் பெயர்கள் வெளியாயின. பதினொரு வெற்றி, ஒரு தோல்வி என்ற கணக்குடன் இண்டியானா பல்கலைக்கழகம் உள்ளே வந்தது. பதினொரு வெற்றி, இரண்டு தோல்வியுடன் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகமும் இடம்பெற்றது. ஒன்பது வெற்றி, மூன்று தோல்வியுடன் அலபாமா வெளியே நின்றது. அன்றிலிருந்து எழுந்த சச்சரவின் சாரம் ஒரே வாக்கியம்தான்: "எங்கள் அட்டவணை கடுமையானது, அவர்களுடையது எளிது." இவ்வாக்கியத்தை உரக்கச் சொன்னவர்கள் பலர். அதன் பொருள் என்னவென்று கேட்டவர்கள் மிகச் சிலர்.

இங்கே பேசப்படுவது தலைக்கவசம் அணிந்து, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. அதன் உயர்நிலைப் பிரிவில் 2024இல் 134 பல்கலைக்கழக அணிகள் இருந்தன. வழக்கமான பருவத்தில் ஓர் அணி ஆடுவது பன்னிரண்டு ஆட்டங்கள். ஆகவே எந்த அணியும் ஏனைய அணிகளில் பத்தில் ஒரு பங்கைக்கூடச் சந்திப்பதில்லை. எல்லோரும் எல்லோருடனும் மோதும் தொடரில் புள்ளிப் பட்டியலே தீர்ப்பு. இங்கோ பட்டியல் பேசாது, யாராவது அதற்காகப் பேசியாக வேண்டும். அந்தப் பொறுப்பு பதின்மூன்று பேர் கொண்ட தேர்வுக்குழுவிடம் இருக்கிறது.

இந்தியக் கிரிக்கெட்டைப் பின்தொடர்வோர்க்கு இச்சிக்கல் புதிதன்று. 2018-19 ரஞ்சிக் கோப்பையில் பீகாரின் ஆஷுதோஷ் அமன் 68 விக்கெட்டுகள் எடுத்து, பிஷன் சிங் பேடி 1974-75இல் எடுத்த 64 என்ற சாதனையைக் கடந்தார். அந்த 68 முழுவதும் புதிய அணிகள் நிறைந்த பிளேட் பிரிவில் எடுத்தவை. எண்ணில் பொய் இல்லை. ஆனால் இரண்டு எண்களையும் ஒரே தராசில் வைக்கலாமா என்ற கேள்வி நியாயமானதே. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் இக்கேள்வி ஒரு சாதனைப் பட்டியலோடு நிற்காமல், யார் கோப்பைக்காக ஆடலாம் என்பதையே முடிவு செய்கிறது.

கடுமையை அளக்கும் பழைய வழி மிக எளியது. 1998இல் தொடங்கிய முந்தைய தேசியப் பட்ட முறையில், எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு மூன்றில் இரண்டு பங்கும், அந்த எதிரணிகளின் எதிரணிகளுடைய வெற்றி விகிதத்துக்கு மூன்றில் ஒரு பங்கும் எடை தரப்பட்டது. 2004இல் அந்தத் தனிக்கூறு நீக்கப்பட்டது. ஆனால் அதன் சிந்தனை நீங்கவில்லை. எதிரணிகளின் வலிமையைக் கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, கிடைக்கும் சராசரியே அட்டவணையின் கடுமை என்ற எண்ணம் இன்றும் தொலைக்காட்சி விவாதங்களில் ஆட்சி செய்கிறது.

இந்தச் சராசரிதான் ஏமாற்றுகிறது. ஒரு கற்பனைக் கணக்கு போதும். அணிகளின் வலிமையை எண்களால் குறிப்போம். இரண்டு அணிகளின் எண்களுக்கிடையே உள்ள வேறுபாடே ஆட்டத்தில் எதிர்பார்க்கப்படும் புள்ளி வித்தியாசம். முதல் அட்டவணையில் 95 வலிமையுள்ள இரண்டு பேரணிகளும், 53 வலிமையுள்ள பத்துச் சாதாரண அணிகளும் உள்ளன. இரண்டாவதில் பன்னிரண்டு அணிகளுமே 60. இரண்டின் சராசரியும் 60தான். பழைய அளவுகோலின்படி இரண்டும் சமம்.

இப்போது 95 வலிமையுள்ள ஒரு முதல்தர அணியை இரண்டிலும் ஆடவிடுவோம். உண்மை முடிவுகள் எதிர்பார்ப்பிலிருந்து ஏறத்தாழ பதினாறு புள்ளிகள் இங்குமங்கும் சிதறும் என்று கொண்டால், முதல் அட்டவணையில் அவ்வணி சராசரியாக ஓர் ஆட்டத்தில் தோற்கும். இரண்டாவதில் தோல்வியின் எதிர்பார்ப்பு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. அதே அட்டவணைகளை 55 வலிமையுள்ள நடுத்தர அணியிடம் கொடுத்தால் கணக்கு தலைகீழாகும். முதலாவதில் ஆறரைத் தோல்விகள், இரண்டாவதில் ஏழரை. பெரிய அணிக்குக் கடினமானது சிறிய அணிக்கு எளிது; சிறிய அணியை நசுக்குவது பெரிய அணிக்கு உலா. ஆக, கடுமை என்பது பயணியைக் கேளாமல் பாதையை மட்டும் பார்த்துச் சொல்லக்கூடிய குணம் அன்று. "யாருக்கு?" என்ற சொல் விடுபட்ட எந்தக் கடுமைப் பட்டியலும் அரைகுறையே. சொந்த மைதானமா, அயல் மைதானமா என்பதும், பெரிய ஆட்டத்துக்கு முன் ஓய்வு வாரம் கிடைத்ததா என்பதும் இதற்கு மேல் சேர வேண்டியவை.

அடுத்த சிக்கல் காலம். இண்டியானாவின் 2024 அட்டவணையில் மிச்சிகனும் வாஷிங்டனும் இருந்தன. அந்த ஆண்டு ஜனவரியில் தேசியப் பட்டத்துக்கான இறுதி ஆட்டத்தில் 34-13 என்ற கணக்கில் முடிவு கண்ட இரண்டு அணிகள் அவைதாம். முந்தைய ஆண்டின் கணக்கை வைத்துப் பார்த்தால் நாட்டின் முதல் இரண்டு அணிகளையும் ஒரே பருவத்தில் சந்திக்கும் கொடிய அட்டவணை அது. ஆனால் மிச்சிகனின் பயிற்சியாளர் தொழில்முறைக் கால்பந்துக்குச் சென்றுவிட்டார். வாஷிங்டனின் பயிற்சியாளர் கேலன் டிபோர் சென்ற இடம் அலபாமாவேதான். வீரர்களும் கூட்டமாகப் புறப்பட்டார்கள். மிச்சிகன் 8-5 என்றும் வாஷிங்டன் 6-7 என்றும் பருவத்தை முடித்தன. இண்டியானா இருவரையும் வென்றபோது, "அவர்கள் இப்போது பழைய அணிகள் அல்லவே" என்ற பதில் வந்தது. பதில் சரிதான். ஆனால் எதிரணி சரிந்ததற்கு இண்டியானா என்ன செய்திருக்க முடியும்? கான்ஃபரன்ஸ் எனப்படும் குழுமத்துக்குள் யாருடன் யார் ஆடுவது என்பதைக் குழுமமே வகுக்கிறது. வெளி ஆட்டங்களுக்கான ஒப்பந்தங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே கையெழுத்தாகின்றன. இன்று களத்தில் ஓடும் இளைஞர்கள் அப்போது பள்ளிச் சிறுவர்கள்.

இண்டியானாவின் மேல் ஒரு குற்றம் நிலைக்கும். குழுமத்துக்கு வெளியே தானாகத் தேர்ந்துகொண்ட மூன்று ஆட்டங்களில் ஒன்றில்கூட வலிய எதிரி இல்லை. வெஸ்டர்ன் இலினாய் அணியை 77-3 என்று வென்றதில் யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. விதித்தது வேறு, தேர்ந்தது வேறு. முன்னதற்கு அணியைத் தண்டிப்பது அநீதி. பின்னதற்குக் கேள்வி கேட்பது முறை. விவாதங்கள் இவ்விரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகின்றன.

பெருங்குழுமங்களின் வாதத்தில் ஒரு சுழல் ஒளிந்திருக்கிறது. எஸ்.இ.சி. குழுமத்தில் 2024இல் பதினாறு அணிகள். ஒவ்வொன்றுக்கும் எட்டு உள்ளாட்டங்கள். ஆக 64 ஆட்டங்கள். அவற்றில் 64 வெற்றிகளும் 64 தோல்விகளும் விழுந்தே தீரும், அணிகள் சிங்கங்களானாலும் ஆடுகளானாலும். அந்த 64 ஆட்டங்கள் உள்ளே யார் பெரியவர் என்று சொல்லும். குழுமமே பெரிதா என்று ஒருபோதும் சொல்லா. அதைச் சொல்ல வல்லவை வெளியாட்டங்கள் மட்டுமே. அவை குறைவு, பெரும்பாலும் செப்டம்பரில் முடிந்துவிடுபவை. இடைவெளியை நிரப்புவது ஆகஸ்டு மாதத்தின் முன்கணிப்புப் பட்டியல், அதாவது ஓர் ஆட்டமும் நடவாதபோது தரப்பட்ட மதிப்பு. உயர்ந்த அணியிடம் தோற்றதால் தோல்வி மன்னிக்கப்படுகிறது; தோல்வி மன்னிக்கப்பட்டதால் அணி உயரத்தில் நிற்கிறது; அது உயரத்தில் நிற்பதால் அதை வென்றவர் மேலும் உயர்கிறார்.

இச்சுழலின் விலையைக் கொடுத்தது 2017இன் சென்ட்ரல் ஃபுளோரிடா. தோல்வியே காணாமல் 12-0 என்று முடித்த அவ்வணியைத் தேர்வுக்குழு பன்னிரண்டாம் இடத்தில் வைத்தது. அன்று பிளேஆஃப்பில் நான்கே இடங்கள். 2018 புத்தாண்டு நாளில் அது ஆபர்னை 34-27 என்று வீழ்த்தியது. அந்த ஆபர்ன், பட்டத்துக்கான இறுதி ஆட்டத்தில் மோதவிருந்த ஜார்ஜியா, அலபாமா இரண்டையுமே நவம்பரில் வென்றிருந்த அணி. குழும இறுதியில் ஜார்ஜியா ஆபர்னைத் திருப்பி அடித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே சென்ட்ரல் ஃபுளோரிடாவே நாட்டின் தலைசிறந்த அணி என்று இதனால் நிரூபணமாகவில்லை. அது அறிய முடியாத அணியாக இருந்தது என்பதே உண்மை. அறியாமையைத் தாழ்வாக எழுதிவைத்ததுதான் குழு செய்த பிழை.

சிறிய பல்கலைக்கழகம் பெரிய எதிரியைத் தேடிப் போகலாமே என்பார்கள். போகிறார்கள், கூலிக்குப் போகிறார்கள். பெரிய அணி தன் மைதானத்துக்கு அழைத்து, பணம் கொடுத்து, தோற்கடித்து அனுப்பும் ஆட்டங்கள் இவை. 2024 செப்டம்பரில் நார்தர்ன் இலினாய் பல்கலைக்கழகம் 14 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் நோட்டர் டேமுக்குச் சென்று, 16-14 என்று வென்று திரும்பியது. பல சிறிய விளையாட்டுத் துறைகளுக்கு ஆண்டுச் செலவைத் தாங்குவது இத்தகைய பணமே. ஆனால் சிறிய அணி உண்மையிலேயே வலுவடைந்துவிட்டால் அழைப்பு வருவது அரிதாகிறது. வென்றாலும் பெருமை சேராத, தோற்றால் பருவமே கெடும் ஆட்டத்தை எந்தப் பெரிய அணி விரும்பும்? பிறகு அதே அணியிடம் "யாருடன் ஆடினாய்?" என்று கேட்கிறார்கள்.

மறுபக்கத்தின் அச்சமும் பொய்யன்று. 2024 தேர்வுக்குப் பின் அலபாமாவின் விளையாட்டு இயக்குநர், வருங்காலத்தில் வலிய வெளி எதிரிகளை எத்தனை வைத்துக்கொள்வது என்று மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும் என்று வெளிப்படையாகவே சொன்னார். தோல்விகளை மட்டும் எண்ணினால் செப்டம்பரின் நல்ல ஆட்டங்கள் செத்துவிடும். அலபாமாவை வெளியே தள்ளியவை வெளி எதிரிகள் அல்லர் என்பது வேறு செய்தி. வாண்டர்பில்ட்டிடம் 40-35, டென்னசியிடம் 24-17, ஓக்லஹோமாவிடம் 24-3. மூன்றும் குழுமத்துக்குள் வாங்கிய அடிகள். இவற்றுள் கடைசி, எந்தக் கடுமைக் கணக்காலும் விளக்க முடியாதது.

பின்னர் நடந்த ஆட்டங்களைச் சான்றாக இழுப்பதும் வழக்கமாகிவிட்டது. முதல் சுற்றில் இண்டியானா நோட்டர் டேமிடம் 27-17 என்றும், சதர்ன் மெதடிஸ்ட் பென் ஸ்டேட்டிடம் 38-10 என்றும் தோற்றபோது "பார்த்தீர்களா?" என்றார்கள். அதே வார இறுதியில் எஸ்.இ.சி.யின் டென்னசி ஓஹையோ ஸ்டேட்டிடம் 42-17 என்று நொறுங்கியது. டிசம்பர் 31 அன்று அலபாமா, இண்டியானாவிடம் தோற்றிருந்த அதே மிச்சிகனிடம் 19-13 என்று வீழ்ந்தது. அந்த மிச்சிகனோ, பின்னர் பட்டமே வென்ற ஓஹையோ ஸ்டேட்டை நவம்பரில் 13-10 என்று சாய்த்திருந்தது. இந்தச் சங்கிலியைப் பிடித்து ஏறினால் யாரையும் யாருக்கும் மேலே உட்கார வைக்கலாம். ஓர் ஆட்டத்தின் முடிவு அத்தனை சிதறலுடையது.

செய்யத்தக்கது ஒன்று உண்டு. தேர்வுக்குழு ஒரு நிலையான அளவுகோல் அணியை, எடுத்துக்காட்டாக நாட்டின் பன்னிரண்டாம் இடத்துக்குரிய சராசரி அணியை, மனத்தில் நிறுத்த வேண்டும். இந்த அட்டவணையை அவ்வணியிடம் கொடுத்திருந்தால் எத்தனை வென்றிருக்கும் என்று கணக்கிட வேண்டும். உண்மையில் ஆடிய அணி அதைவிடக் கூடுதலாக வென்றதா, குறைவாகவா என்பதே தீர்ப்புக்கு அடிப்படையாக வேண்டும். எதிரணியின் பெயரும், பத்தாண்டுப் பழம்பெருமையும், குழுமத்தின் கொடியும் இக்கணக்கில் நுழையா. 2025 ஆகஸ்டில் தேர்வுக்குழுவுக்கு வழங்கப்பட்ட, அணிகள் தம் அட்டவணையில் ஈட்டிய வெற்றிகளின் மதிப்பை அளக்கும் புதிய அளவீடு இத்திசையில் வைக்கப்பட்ட ஓர் அடி. அதைப் பதின்மூன்று பேரும் எவ்வளவு மதிப்பார்கள் என்பது அவர்களின் அறைக்குள் இருக்கிறது.

இதற்கிடையே 2026 முதல் ஒன்பது உள்ளாட்டங்கள் என்று எஸ்.இ.சி. முடிவெடுத்திருக்கிறது. அட்டவணை கடுமையாகிவிட்டது என்று அதன் ஆதரவாளர்கள் மகிழ்கிறார்கள். பதினாறு அணிகளுக்கு ஆளுக்கோர் ஆட்டம் கூடினால் எட்டு ஆட்டங்கள். அவற்றில் எட்டுத் தோல்விகள் புதிதாகப் பிறக்கும். அவை எந்த எட்டு அணிகளின் கணக்கில் போய்ச் சேரும் என்பதும், டிசம்பரில் அவற்றைக் குழு எப்படி வாசிக்கும் என்பதும் இனித்தான் தெரியும்.