இடுப்பெலும்பு முறிவு: வெளியே தெரியாத இரத்தப்போக்கும் முதல் மணி நேரமும்

சாலை விபத்தில் காயமடைந்தோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், 2021 டிசம்பர் 18 அன்று தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. ஒன்றிய அரசு 2025 மே மாதம் அறிவிக்கை செய்த திட்டம், விபத்து நாளிலிருந்து 7 நாள்களுக்கு ரூ.1.5 இலட்சம் வரையிலான சிகிச்சைக்கு வழிசெய்கிறது. பணமின்மையால் நேரும் தாமதத்தை இவை குறைக்கின்றன. ஆயினும், காயமடைந்தவரைத் தூக்கும் முறையும் கொண்டு செல்லும் இடமும் தவறினால், சிகிச்சை தொடங்கும் முன்பே நிலைமை கைமீறக்கூடும். இடுப்பெலும்பு முறிவு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டாகும்.

இம்முறிவு ஏன் ஆபத்தானது?

இரண்டு இடுப்பெலும்புகளும் முதுகுத்தண்டின் அடிப்பகுதியும் இணைந்து ஒரு வளையமாக அமைந்துள்ளன. வாகன மோதலிலோ உயரத்திலிருந்து விழும்போதோ இவ்வளையம் உடைந்து விரிந்தால், அதனுள் உள்ள சிரைகளும் சில வேளைகளில் தமனிகளும் கிழிகின்றன. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உள்ளது. அதில் பெரும்பகுதி, வெளியே ஒரு துளியும் தெரியாமல் இடுப்புக்குள்ளேயே தேங்கிவிட இயலும்.

எப்போது ஐயுற வேண்டும்?

• இடுப்பு, அடிவயிறு, தொடை இடுக்கு ஆகியவற்றில் கடும் வலி. எழுந்து நிற்க இயலாமை
• ஒரு கால் குட்டையாகவோ வெளிப்புறம் திரும்பியோ காணப்படுதல்
• சிறுநீர்த் துவாரத்தில் இரத்தம்
• முகம் வெளுத்தல், குளிர்ந்த வியர்வை, மனக்குழப்பம்

விபத்து நடந்த இடத்தில்

உடனே 108-ஐ அழையுங்கள். காயமடைந்தவரைக் கைகால்களைப் பிடித்துத் தூக்குவதும், ஆட்டோவிலோ இருசக்கர வாகனத்திலோ உட்காரவைத்துக் கொண்டு செல்வதும், நடக்க முடிகிறதா என்று பார்ப்பதும் உறையத் தொடங்கிய இரத்தத்தைக் கலைத்துவிடும். தீ, போக்குவரத்து போன்ற உடனடி ஆபத்து இல்லாதவரை அவரை அசைக்க வேண்டாம். இடுப்பை அழுத்திச் சோதிக்க வேண்டாம். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் தண்ணீரோ உணவோ கொடுக்க வேண்டாம். உடல் குளிர்ந்தால் இரத்தம் உறைவது தடைப்படும். எனவே போர்வையால் மூடி வையுங்கள்.

பயிற்சி பெற்ற பணியாளர்கள் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டையையோ மடித்த படுக்கை விரிப்பையோ இறுக்கிக் கட்டுவர். வேட்டி கட்டும் இடத்தில் இதைக் கட்டினால் பயன் இல்லை; அதற்கும் கீழே, தொடையெலும்பின் மேல்முனை பக்கவாட்டில் புடைத்துத் தெரியும் மட்டத்தில் கட்ட வேண்டும். விரிந்த வளையத்தை இக்கட்டு நெருக்கி, இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த உதவுகிறது. நோயாளி வலிக்கிறது என்று கூறினாலும் உறவினர்கள் இதை அவிழ்க்கக் கூடாது. நீண்ட நேரம் இருந்தால் தோல் புண்ணாகும் என்பதால், அகற்றும் நேரத்தை மருத்துவரே முடிவு செய்வார்.

எந்த மருத்துவமனை?

அருகில் உள்ளது அல்லது அறிமுகமானது என்பதற்காக ஒரு சிறு மருத்துவமனையை வற்புறுத்துவோர் உண்டு. இரத்த வங்கி, சி.டி. ஸ்கேன், அறுவை சிகிச்சை வசதி ஆகியவை அங்கு இல்லையெனில் நோயாளியை மீண்டும் இடம் மாற்ற நேரிடும். ஒவ்வொரு மாற்றமும் நேரத்தையும் இரத்தத்தையும் இழக்கச் செய்யும். உரிய மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பதை ஆம்புலன்ஸ் பணியாளர்களிடம் விட்டுவிடுங்கள்.

அங்கு இரத்தம் ஏற்றுவதும், இரத்தக் கட்டைப் பாதுகாக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தைக் காயமடைந்த 3 மணி நேரத்துக்குள் செலுத்துவதும் முதல் நடவடிக்கைகளாகும். தேவைப்பட்டால் வெளிப்புறக் கம்பிச் சட்டம் பொருத்துவர். இடுப்புக்குள் துணி வைத்து அழுத்துவர். இரத்தக்குழாயை உள்ளிருந்து அடைப்பர். எலும்பை நிலையாகப் பொருத்தும் அறுவை சிகிச்சை பெரும்பாலும் சில நாள்கள் கழித்தே நடைபெறும். இது அலட்சியமன்று; உயிரை நிலைப்படுத்திய பிறகே எலும்பைச் சீராக்க வேண்டும் என்பது சிகிச்சை முறையாகும்.

உதவுவோர்க்குச் சட்டப் பாதுகாப்பு

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுவோரைப் பாதுகாக்கிறது. பெயர், முகவரி தருமாறு அவர்களைக் கட்டாயப்படுத்த இயலாது. எனவே காவல்துறை விசாரணைக்கு அஞ்சி 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். நோயாளியின் உறவினர்கள், 48 மணி நேரத்துக்குப் பிந்தைய செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பொருந்துமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளிலேயே கேட்டறிவது நலம்.